முப்பத்தெட்டு, இருநூறு

ஸ்டாட் முனைக்கு மேற்கே நாற்பது மைல்.
அக்டோபர். இன்னும் விடியாத ஏழு மணி.
ஹாவ்தெர்னா மெதுவாக வட்டமிடுகிறது,
படுக்குமுன் இடம் பார்க்கும் நாய் மாதிரி.

இருபது பாகம் கீழே ஒரு கூட்டம்.
கால்பந்து மைதானம் அளவு அகலம்,
நடுவில் தடித்து, ஓரத்தில் பிசிறி.
யார் என்றுதான் தெரியவில்லை.

மாலுமி எய்லெர்ட்டின் ஹெர்ரிங் பங்கு
செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது.
மிச்சம் காணாங்கெளுத்தி மட்டும்,
நூற்றுப்பத்து டன். காகிதத்தில்.

காப்பி கொண்டுவந்த ஓட்வெய்க்
திரையைப் பார்த்து, "எல்லாம் மீன்தானே" என்கிறாள்.
சுன்னிவா நாற்காலியைத் திருப்புகிறாள்:
"ஹெர்ரிங் உடம்புக்குள் ஒரு காற்றுப்பை.
முப்பத்தெட்டு கிலோஹெர்ட்ஸில் தட்டினால்
காலி டின் மாதிரி திருப்பிச் சத்தம் போடும்.
காணாங்கெளுத்திக்கு அந்தப் பை இல்லை.
முப்பத்தெட்டுக்கு வெறும் முனகல்.
இருநூறில் கேட்டால்தான் வாய் திறக்கும்."
"ஆக, உள்ளே காற்று இருப்பவர்கள்தான்
உரக்கப் பேசுவார்கள் என்கிறாய்," ஓட்வெய்க்
எய்லெர்ட்டைப் பார்க்காமல் சொல்கிறாள்.

(நடுவில் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.
என் மொழி இந்த மீனுக்கு வைத்த பெயரில்
முதல் இரண்டு எழுத்து: காணா.
கண்டவர் வைத்ததா,
தவறவிட்டவர் வைத்ததா?)

போன வருஷம் இந்தத் திரை இல்லை.
எய்லெர்ட் தன் மூக்கை நம்பி வலை இறக்கினார்.
எழுநூறு மீட்டர் வலை, அடியைச் சுருக்கி இழுத்து,
விளக்கு போட்டால்
அத்தனையும் ஹெர்ரிங்.
திறந்துவிட்டார்கள். சட்டப்படி, நேரத்தோடு.
மீன்கள் போயின.
செதில்கள் போகவில்லை;
தண்ணீர் முழுக்க மினுங்கிக்கொண்டே நின்றன.
செதில் போன மீன் எத்தனை நாள் இருக்கும் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
ஒரு செதில் அவர் கைக்கடிகாரக் கண்ணாடியில்
நான்காம் எண்ணின்மேல் ஒட்டிக்கொண்டது.

இன்று
முப்பத்தெட்டு ஒன்று சொல்கிறது,
இருநூறும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது.
சுன்னிவா கூட்டத்தின் மறுபக்கம் போகச் சொல்கிறாள்.
போகிறார்கள். மறுபடி தட்டுகிறாள்.
கலந்து கிடக்கிறதோ,
சின்னதாய் இருக்கிறதோ,
தலையைக் கீழே வைத்து நிற்கிறதோ.
மீன் சாய்ந்தால் எதிரொலியும் சாயும்.
அவள் ஒரு எண்ணைத் தேடி, கடைசியில் சொல்கிறாள்:
"எழுபது சதவீதம் காணாங்கெளுத்தி."

எய்லெர்ட் கேட்கிறார்:
"மிச்சம் முப்பது, எத்தனை டன்?"

அவள் கணக்குப் போடுகிறாள்.
கணக்கு முடியுமுன்
அவர் விரல் வலைப் பொத்தானிலிருந்து வந்துவிட்டது.
கீழ்த்தளத்தில் எட்டு பேர்
மழை உடையின் பட்டைகளைத் தளர்த்துகிறார்கள்.
ஒருவன் சுவரைக் காலால் உதைக்கிறான்.
டீசல் எரிந்தது. பங்கு எரியவில்லை.

தெற்கே இன்னொரு படகின் விளக்குகள்.
அது நேராக வருகிறது, அதே கூட்டத்தின்மேல்,
தயக்கமே இல்லாமல் வலையைக் கொட்டுகிறது.
பனிமூட்டம் மூடிக்கொள்கிறது.
வானொலியில் சுன்னிவா கூப்பிடுகிறாள்:
என்ன மீன்? என்ன மீன்?
இரண்டாம் அலைவரிசையிலும் கூப்பிடுகிறாள்.
அந்தப் படகும்
தட்டினால் பேசாத இனம்.

எது சரி என்று எப்படித் தெரியும்?
பிடித்திருந்தால் தளம் நிறையச் சாட்சி.
பிடிக்காததற்கு ஒரு கோப்பு மட்டும்:
பதினான்கு நிமிடம், இரண்டு ஒலி,
'இனம்' என்ற கட்டத்தில் கண்சிமிட்டும் கோடு.
சுன்னிவா எதுவும் எழுதாமல் சேமிக்கப் பார்க்கிறாள்.
கணினி விடவில்லை; ஏதாவது எழுது என்கிறது.
'ஆம்' என்று எழுதிவிட்டு மூடுகிறாள்.

ஓட்வெய்க் கோப்பைகளை எடுக்க வருகிறாள்.
மணி என்ன என்று கேட்கிறாள்.
எய்லெர்ட் கையைத் திருப்புகிறார்.
எட்டு இருபது. பெரிய முள்
சரியாகச் செதிலுக்கு அடியில்.
நகத்தை அங்கே கொண்டுபோகிறார்,
பிறகு காப்பிக் கோப்பையைத் தூக்கி அவளிடம் தருகிறார்.